பதினெட்டாவது வரி

எங்கள் வீட்டில் அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது நான்தான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் நாள், "கம்ப்யூட்டர்ல நீ என்னதாம்மா பண்றே?" என்று கேட்டேன். "ஒரு ப்ரோக்ராம்ல லட்சக்கணக்குல வரி இருக்கும் அக்கா. அதுல நமக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைத் தொடற வரியை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை வெட்டி ஒதுக்கிடுவேன். அப்பத்தான் தப்பு எங்கன்னு கண்ணுக்குத் தெரியும்" என்றாள். "அப்ப நீ கத்தரிக்கோல்னு சொல்லு" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமியார் முதல் என் மகள் வரை எல்லோருக்கும் அவள் கத்தரி ஆனாள். என் மகள் மட்டும் மரியாதையாகக் கத்தரிச் சித்தி என்பாள்.

ஓரகத்திகள் ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே! நாங்கள் கீழே, அவர்கள் மாடியில், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. நான் ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், இவள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்துவிட்டுப் பளிச்சென்று நிற்பாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளோ ஒரு கேள்வி கேட்டால் இரண்டு முறை மூச்சு விட்ட பிறகுதான் பதில் சொல்வாள். அந்த இடைவெளியில் நான் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருப்பேன்.

"தொடுதா, தொடலையா?" இதுதான் அவள் வாயில் எப்போதும் வரும் பேச்சு. ஒருமுறை மாமியாரின் காது மெஷின் காணாமல் போனது. நான் இரண்டு நாள் வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். மாமியார், பக்கத்து வீட்டம்மா வந்தது, குழாய் ரிப்பேர்க்காரர் வந்தது, தனக்கு முதுகு வலித்தது என்று ராமாயணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரி உட்கார்ந்து கேட்டாள். "அத்தை, குழாய்க்காரர் இதைத் தொடலை, விட்டுடுங்க. முதுகு வலி தொடலை. கடைசியா காதுல இருந்தப்ப என்ன சத்தம் கேட்டீங்க?" போன் மணி என்றார் மாமியார். யார் போன், அதை எங்கே வைத்தீர்கள், எந்தக் கையால் எடுத்தீர்கள் என்று பின்னாலேயே நடந்து, நாலாவது கேள்வியில் சார்ஜர் வைக்கும் டப்பாவுக்குள்ளிருந்து மெஷினை எடுத்துவிட்டாள். மாமியாருக்குப் பூரிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வயிற்றெரிச்சலோடுதான் நான் அவளிடம் போய் நிற்க வேண்டி வந்தது.

எங்கள் வார்டில் கட்டிலுக்கு ஒரு ஸ்க்ரீன் உண்டு. எந்த மருந்து, எப்போது, கொடுத்தாச்சா இல்லையா என்று அதில் தெரியும். அன்று மதியம் ஒரு மணி ஷிப்டுக்கு நான் உள்ளே போனேன். எனக்கு முந்தின ஷிப்ட் நர்ஸ் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "ஆறுக்குச் சர்க்கரை ஊசி போட்டாச்சு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாங்கள் அப்படித்தான் பேசுவோம். நோயாளியின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆறு, ஏழு, பதினொன்று என்று கட்டில் நம்பர்தான் பெயர்.

அவள் சொன்ன ஆறு ஒரு பஸ் டிரைவர். ஆனால் ஆறாம் கட்டிலுக்கு மேல் ஏசி சொட்டுகிறது என்று தலைமை நர்ஸ், சரியாக அவள் ஊசி போட்ட அதே நேரத்தில் அவரைப் பதினொன்றுக்கு மாற்றிவிட்டார். ஆறில் வேறொருவர் வந்து படுத்துவிட்டார். ஆறுக்குப் போட்டாச்சு என்றதை நான் அந்தப் புது ஆளுக்குப் போட்டாச்சு என்று எடுத்துக்கொண்டேன். பதினொன்றின் ஸ்க்ரீனைப் பார்த்தேன். சர்க்கரை ஊசி, கொடுக்கவில்லை என்று சிவப்பில் இருந்தது. மணி ஒன்று ஆனபின் ஆறாவது நிமிஷம், பதினொன்றில் இருந்த டிரைவருக்கு ஊசியைப் போட்டேன். முந்தின ஷிப்ட்காரி பன்னிரண்டு ஐம்பத்தேழுக்கே போட்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. குளுகோஸ் ஏற்றி அரை மணியில் அவரை மீட்டுவிட்டோம். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார். என் வேலைதான் விழுந்து கிடந்தது.

ஏனென்றால், டாக்டர் வந்து ஸ்க்ரீனைப் பார்த்தபோது, கொடுக்கப்பட்டது, 12:57 என்று பச்சையில் பளபளத்தது! நான் பார்த்த சிவப்பு எங்கே போயிற்று? "சிவப்பாத்தான் சார் இருந்துச்சு" என்று சத்தியம் செய்தேன். யார் நம்புவார்கள்? விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் விசாரணை. பார்க்காமல் ஊசி போட்டது நிரூபணமானால் நர்ஸ் என்கிற பதிவே ரத்தாகும். பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் நான் ஒரு பஞ்சைக்கூடத் தொட முடியாது.

இன்னொன்றும் உண்டு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊசி போடும்போது அந்த டிரைவர் பாதித் தூக்கத்தில், "இப்பத்தானேம்மா குத்தினாங்க?" என்று கேட்டார். "அது டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தம், சும்மா இருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நான் குத்தினேன்.

அந்த ஸ்க்ரீன் ப்ரோக்ராமை எழுதியது கத்தரியின் கம்பெனி. ஆஸ்பத்திரி கேட்டதற்கு, பதிவில் பிழை இல்லை, மென்பொருள் சரியாக இயங்கியது என்று இரண்டே வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் தடதடவென்று மாடி ஏறினேன்.

"பாத்தியாடி உன் கம்பெனிக்காரங்க லட்சணத்தை? என் பதினெட்டு வருஷத்தை ரெண்டு வரியில முடிச்சிட்டாங்க!"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்தாள். இரண்டு மூச்சு விட்டாள்.

"நீங்க பாத்தப்ப என்ன இருந்துச்சு அக்கா?"

"கொடுக்கலைன்னு இருந்துச்சு."

"அப்ப அது இருந்துச்சு" என்றாள். "நீங்க பாத்தேன்னா பாத்ததுதான். அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். என் வீட்டுக்காரரே "நல்லா யோசிச்சுப் பாரு" என்று சொல்லியிருந்தார். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து, மடித்த துணியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதேன்.

அவள் மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க அக்கா விஷயத்தை நீங்களே பாத்தா ஊர் என்ன சொல்லும்?" என்றாராம். "அப்ப நீங்க பக்கத்துல உக்காருங்க சார். நான் வெட்டற ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு சொல்றேன். சரியில்லைன்னா தடுங்க" என்றாளாம். நான் எதை எந்த வரிசையில் அமுக்கினேன் என்று காட்ட என்னையும் வரச் சொன்னார்கள்.

அவள் ஆபீஸைப் பார்த்தபோதுதான் என் பொறாமைக்கு வெட்கம் வந்தது. ஜன்னல் இல்லாத நீள அறை. ஏசி குளிருக்கு அவள் நாற்காலி முதுகில் ஒரு பழைய ஸ்வெட்டர் தொங்கியது, முழங்கையில் கிழிந்து தைத்தது. மேஜையில் மூடி போட்ட தண்ணி பாட்டில், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, அரை டஜன் பென்சில். வெள்ளைப் பலகையின் நட்டநடுவில், கொடுக்கவில்லை என்று சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை. நான் பார்த்த வார்த்தை.

"மொத்தம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் வரி" என்றாள். "இந்த வார்த்தையை ஸ்க்ரீன்ல எழுதின வரியிலேர்ந்து பின்னால போறோம். இதுக்கு இந்த வார்த்தையைக் கொடுத்தது யாரு? அவருக்குக் கொடுத்தது யாரு? தொடறதை வச்சுப்போம். தொடாததை ஒதுக்கிடுவோம்."

முதல் நாள் பில் போடுகிற வரிகள், சாப்பாடு எழுதுகிற வரிகள், கலர் மாற்றுகிற வரிகள் எல்லாம் போயின. ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் "ஏன்?" என்பார். இவள் இரண்டு மூச்சு விட்டு விடை சொல்வாள். எனக்கே தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவள் குரல் ஒருமுறைகூட ஏறவில்லை. மூன்றாம் நாள் ஒன்பதாயிரம் வரி மிச்சம். ஐந்தாம் நாள் அறுநூறு. பிறகு இறங்க மறுத்தது.

அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனத்தை என் கண்ணால் பார்த்தேன். வெட்டுவதற்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கருவி வைத்திருந்தாள். ஊசி போட்டதைக் குறிக்கிற வரிகளுக்கும் கட்டில் மாற்றுகிற வரிகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அது அடித்துச் சொன்னது. இவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னையே வெறித்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்களை வீட்டுல யார் யார் எப்படிக் கூப்பிடறோம்?"

"இதென்ன கேள்வி? நீ அக்காங்கறே. உன் புருஷன் அண்ணிங்கறான். உன் பையனுக்குப் பெரியம்மா. வார்டுல சிஸ்டர்."

"அக்காவுக்கு ஒருத்தர் வேலை சொல்றாங்க, அண்ணிக்கு ஒருத்தர் சொல்றாங்க, பெரியம்மாவுக்கு ஒருத்தர். கால் வலிக்கறது யாருக்கு?"

"எனக்குத்தான்டி!"

"அதேதான்!" என்று மேஜையைத் தட்டினாள். அவள் தட்டி நான் அன்றுதான் பார்த்தேன். "ஊசி போட்டவங்க, நோயாளி கையில கட்டியிருக்கற வளையத்து நம்பரை வச்சு அந்த டிரைவரைத் தொட்டாங்க. கட்டில் மாத்தினவங்க ஆறாம் கட்டில்ல இருக்கறவர்னு தொட்டாங்க. ரெண்டு பேரு, ஒரே ஆளு. இந்தக் கருவி ரெண்டு ஆளுன்னு நெனச்சுக்கிச்சு."

என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு என்று சொன்னதை வேறு ஆள் என்று நானும்தானே நினைத்தேன்!

"அதோட, ரெண்டும் ஒரே நேரத்துல நடந்திருக்கு" என்று மேனேஜர் பக்கம் திரும்பினாள். "நம்ம சமையல்கட்டு மாதிரி சார். குழம்புல உப்பு இருக்கான்னு நான் பாக்கறேன், இல்லை. நான் டப்பா எடுக்கத் திரும்பறதுக்குள்ள அக்கா போட்டுடறாங்க. நானும் போடறேன். ரெண்டு பேரும் தனித்தனியா சரியாத்தான் செஞ்சோம்."

"குழம்பு நாசம்" என்றார் மேனேஜர். அவருக்கும் வீடு இருக்கிறது போல.

கட்டில் மாற்றும் வரிகள் ஸ்க்ரீனில் வரும் டிரைவரின் மருந்துச் சீட்டை ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய், கட்டில் நம்பரைத் திருத்தி, திரும்ப மேலே வைத்திருக்கின்றன. நடுவில் அந்த நர்ஸ், கொடுத்தாச்சு என்று குறித்திருக்கிறாள். பழைய நகல் அதன்மேல் வந்து உட்கார்ந்ததும் அந்தக் குறிப்பு அழிந்துவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை ப்ரோக்ராம், நடந்ததையெல்லாம் தனியாக எழுதி வைக்கும் பெரிய பதிவோடு ஒத்துப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அதனால்தான் டாக்டர் வந்தபோது எல்லாம் பச்சை. நான் பார்த்த சிவப்பு நிஜமாகவே இருந்திருக்கிறது.

எட்டாம் நாள் பலகையில் பதினேழு வரிதான் மிச்சம் இருந்தது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்திலிருந்து பதினேழு! எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"இங்க ஒரு வரி இருந்திருக்கணும்" என்றாள். "ரெண்டு பேர் ஒரே ஆளைத் தொடறாங்கன்னா, ஒருத்தர் முடிக்கற வரைக்கும் இன்னொருத்தரை நிறுத்தி வைக்கற வரி. நம்ம பேச்சுல சொன்னா, இரு. அவ்வளவுதான்." பழைய பிரதிகளைத் திறந்து பின்னால் பின்னால் போனாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பிரதியில் அந்த வரி இருந்தது. அடுத்த பிரதியில் இல்லை.

அவள் கை விசைப்பலகையை விட்டு மடியில் இறங்கியது.

"யாருடி எடுத்தது?" என்றேன் நான். "சொல்லு, எந்தப் பாவி?"

"கத்தரிதான் அக்கா" என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் பிடிபட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஸ்க்ரீன் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் புகார். வீட்டில் தினமும் சாப்பாட்டு மேஜையில் அதைக் கரித்துக் கொட்டியது நான்தான். "உள்ள என்னத்தையாவது வெட்டித் தொலையேன்" என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவளும் வேலை மெனக்கெட்டு, எதையும் தொடாமல் சும்மா காத்துக்கொண்டிருந்த வரிகளைத் தேடி எடுத்திருக்கிறாள். இந்த, இரு என்கிற வரி எதையும் தொடவில்லை என்று அதே கருவி அன்றும் சொல்லியிருக்கிறது. இவளும் நம்பியிருக்கிறாள்.

பொய் சொல்ல மாட்டேன், இரண்டு விநாடி எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அந்தக் கொதிப்பு அடங்கிவிட்டது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "பழைய மாற்றம் ஒண்ணால வந்த பிழைன்னு எழுதிடலாம். யாருன்னு அவங்க கேக்கப் போறதில்லை. அக்கா வேலையும் தப்பிச்சுடும், உங்க வேலையும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும், "ஆமாம்மா, அப்படியே எழுது" என்றேன். சத்தியமாக அவளுக்காகத்தான் சொன்னேன்.

"ரிப்போர்ட்ல பேரை விட்டா, எப்படி நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது சார்" என்றாள். "இதே மாதிரி நான் வெட்டினது இன்னும் முப்பது எடத்துல இருக்கு. அதெல்லாம் யாரோ ஒருத்தரைத் தொடுது."

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, மூலையில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி. கத்தரி ஒரே ஒரு தாளைக் கொடுத்தாள். பதினேழு வரியும் சாதாரண பேச்சில் எழுதியிருந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, சிவப்பில், இரு. நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். எப்படி அழிந்தது, எப்படித் திரும்பப் பச்சையானது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, நான் எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார்.

"இந்தச் செவப்பு வரியை யாரும்மா எடுத்தது?"

"நான்தாங்க எடுத்தேன்" என்றாள். "அது எதையும் தொடலைன்னு நெனச்சேன்." என் பக்கம் கையைக் காட்டினாள். "இவங்களைத் தொட்டுடுச்சு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மேல் குற்றமில்லை என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார் அந்தப் பெரியவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் அவள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சார், எழுதாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு" என்று எழுந்து நின்றேன். "அந்த டிரைவர் என்கிட்ட சொன்னார், இப்பத்தானே குத்தினாங்கன்னு. நான் காதுல வாங்கலை. சும்மா இருங்கன்னு அதட்டிட்டுக் குத்திட்டேன்."

கத்தரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி.

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். பதிவு தப்பித்தது, வேலை தப்பித்தது. டிரைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். வார்டில் ஷிப்ட் மாறும்போது கட்டில் நம்பரைச் சொல்லக் கூடாது, ஆளின் பெயரைச் சொல்லி முகத்தைக் காட்ட வேண்டும் என்று அன்றே ஆணை வந்தது. கத்தரியின் கம்பெனியில் அவள் கையிலிருந்து வெட்டும் வேலையை ஆறு மாதத்துக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். வெட்டிய முப்பது இடத்தையும் தேடித் திரும்ப ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அதை அவள் சந்தோஷமாகவே செய்தாள்.

ஆனால் அந்த ஆணைகள் எல்லாம் பிறகு வந்தவை. அன்று விசாரணை முடிந்ததும், அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினாள். என் பின்னால் கதவு மூடுவதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள். வெயிலில், நடைபாதையில், ஆட்களை விலக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினாள். அழுதுகொண்டே போகிறாள் என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ வீங்கிய கால். நான் எங்கே ஓடிப் பிடிக்க?

"கத்தரி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "இரு!"

அவள் நின்றாள். நான் போய்ச் சேரும்வரை நகரவில்லை.